‘வேலைக்காக’ என்று பதிவதற்கு முன் இன்னொரு கேள்வி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கும் மற்ற அரசு ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவனாக இருந்தவன்தான். 1991, 2001, 2011 என்று மூன்று கணக்கெடுப்புகளுக்குப் போயிருக்கிறேன். 2021இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், நான் ஓய்வு பெற்ற பிறகு வருகிறது. 2027 பிப்ரவரியில் நீங்கள் வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். இந்த முறை படிவக் கட்டைச் சுமக்க வேண்டாம், கைப்பேசிச் செயலியிலேயே பதியலாம் என்கிறார்கள். சாதியையும் கேட்கப் போகிறார்கள். ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். நான் எழுதுவது வேறொரு கேள்வியைப் பற்றி. பட்டியலில் அது நடுவில் எங்கோ வரும், மதிய வெயிலில் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவோம். ‘இதற்கு முன் எந்த ஊரில் இருந்தீர்கள்? அங்கிருந்து ஏன் வந்தீர்கள்?’ என்ற கேள்வி.

2011இல் எனக்கு ஓசூரில் பணி. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகள் என் பகுதியில் வந்தன. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அதில் ஒரு வீட்டு அம்மா ஏரியூர் பக்கத்துக்காரர். எனக்கும் பென்னாகரம் வட்டம் என்று தெரிந்ததும் மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்று ஏக்கர் கொல்லை (மேட்டு நிலம்). கிணறு இருந்தவரை ராகியும் நிலக்கடலையும், ஒரு ஓரத்தில் தக்காளியும் போட்டிருக்கிறார்கள். 2002, 2003 என்று அடுத்தடுத்து மழை ஏமாற்றியதில் கிணறு வற்றிவிட்டது. ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போட்டார்கள். அறுநூறு அடியில் தண்ணீர் இல்லை, பாறைப் புழுதிப் புகைதான் வந்தது. நகையை அடகு வைத்து இரண்டாவது போர். அதில் ஒரு கோடைக்கு மட்டும் தண்ணீர் வந்தது. மாட்டை விற்று மூன்றாவது போர், தொள்ளாயிரம் அடி. “அதிலேயும் புகைதான் சார். ரிக் வண்டிக்காரன் சாப்பிடக்கூட நிக்காம போயிட்டான்” என்றார். அதற்குப் பிறகு கணவர் மேஸ்திரி ஒருவரோடு சென்ட்ரிங் வேலைக்கு வந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து இவரும் பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தார். சின்னது ஓசூரில்தான் பிறந்தது.

எல்லாவற்றையும் கேட்டேன். அப்புறம் படிவத்தில் நான் எழுதியது இவ்வளவுதான். கணவர்: வேலை. மனைவி: குடும்பத்தோடு வந்தது. மூத்த பிள்ளை: குடும்பத்தோடு வந்தது. இளைய பிள்ளை: இடம்பெயரவில்லை. நான்கு வரிகள். வற்றிய கிணறும் இல்லை, மூன்று போரும் இல்லை, பொய்த்த மழையும் இல்லை. விதிப்படி எழுதினேன், மேற்பார்வையாளரும் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பதினைந்து வருடம் ஆகியும் அந்த நான்கு வரிகள் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1991 படிவத்தில் இப்படி இல்லை. அப்போது நான் காவேரிப்பட்டணத்தில் புது வாத்தியார். இடம்பெயர்ந்த காரணங்களில் வேலை, தொழில், படிப்பு, திருமணம் ஆகியவற்றோடு ‘வறட்சி, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றம்’ என்றும் ஒரு பதில் இருந்தது. 1987 வறட்சியில் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து, கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் உறவுக்காரர் நிலத்தை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதுகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்தப் பதிலைப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. 2001 படிவத்தில் அந்தப் பதில் காணாமல் போனது, 2011இலும் இல்லை. ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை செய்யத்தானே வந்தார், ‘வேலை’ என்று போட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

2011 கணக்குப்படி நாட்டில் சுமார் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களில் பெரிய பகுதி திருமணமாகி வேறு ஊர் போன பெண்கள். மீதியில் ஆண்களுக்கு வேலை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பத்தோடு வந்தது. இதில் மழை பொய்த்து வந்தவர் எத்தனை பேர் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குடும்பத் தலைவர் ஒருவருக்கு ‘வேலை’ என்று போட்டுவிட்டால் அந்த வீட்டின் வறட்சி முழுவதும் அதோடு மறைந்துவிடும்.

இங்கே நிலம் எப்படி என்று உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் மாவட்டங்களில் அடியில் இருப்பது கடினப் பாறை. டெல்டா மாதிரி மணலுக்குள் தண்ணீர் தேங்கி நிற்காது. பாறை வெடிப்புகளில் இருப்பதுதான் நமக்குத் தண்ணீர். வெடிப்பு அகப்பட்டால் போரில் தண்ணீர் வரும், இல்லாவிட்டால் புகை. பக்கத்துக் கொல்லையில் நானூறு அடியில் வந்தது என்பதற்காக நமக்கும் வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு போரும் கடன் வாங்கி ஆடும் சூதாட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆழத்துக்குப் போகப் போகப் புளோரைடும் சேர்ந்து வரும். எங்கள் பள்ளியில் பழுப்புப் பல்லோடு சிரிக்கக் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள் ஒரு தலைமுறையே உண்டு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குடிக்கிற தண்ணீருக்கு ஒரு வழி பிறந்தது. கொல்லைக்கு அது வராது.

2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுவதும் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் கொட்டாயில் (சிற்றூரில்) பதினோரு வீடுகளில் நான்கு பூட்டப்பட்டன. ஒரு குடும்பம் பெங்களூருக்கு, ஒன்று திருப்பூருக்கு, ஒன்று செங்கல் சூளைக்கு, ஒன்று கேரளத்துக்கு. அறிவிப்பு வந்ததும் நிவாரணம் வந்தது. அது ஏக்கர் கணக்கில், பயிர் வைத்துக் கருகியவருக்கு. விதைக்கவே வழியில்லாமல் போனவருக்கும், சொந்த நிலம் இல்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கும் அதில் ஒன்றும் இல்லை. முதலில் ஊரைவிட்டுப் போனவர்கள் அவர்கள்தான்.

இது ஒரு பக்கம். 2024 டிசம்பரில் பார்த்தது இதற்கு நேர் எதிர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கடலிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கும் நமக்கென்ன என்றுதான் இருந்தோம். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 33. ஆண்டு முழுவதற்கும் 80, 90 சென்டிமீட்டர் பெய்கிற ஊர்கள் இவை. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலையோரம் நின்ற வண்டிகளைப் பொம்மை மாதிரி இழுத்துப் போனதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் போய், விழுப்புரத்தையும் கடலூரையும் மூழ்கடித்தது.

வானம் பார்த்த பூமிக்கு மழை நல்லதுதானே என்று கேட்கலாம். மெதுவாகப் பெய்தால்தான் பாறை வெடிப்பில் இறங்கும். ஒரே நாளில் கொட்டினால் மேல்மண்ணை வழித்துக்கொண்டு ஓடிவிடும். ஏரிக்கரை உடைந்தால் அந்த வருடமே அந்த ஏரியில் தண்ணீர் நிற்காது. வெள்ளம் வந்த ஊருக்கு அடுத்த கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற நிலை வருவது இதனால்தான். காற்று சூடாகச் சூடாக அதிக ஈரத்தைத் தாங்கும், பெய்தால் மொத்தமாகக் கொட்டும், இல்லாவிட்டால் நாள் கணக்கில் காயவிடும் என்று அறிவியல் ஆசிரியர்களாகிய நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அந்தப் பாடத்தை நம் ஊர்க்காரர்கள் வீட்டைப் பூட்டுவதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

வெள்ளத்தில் போகிறவர்கள் ஊரோடு போவார்கள். பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ தங்குவார்கள், கேமரா வரும், அமைச்சர் வருவார், பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார்கள். வறட்சியில் அப்படி இல்லை. ஒவ்வொருவராகப் போவார்கள். முதலில் அப்பா, கரும்பு வெட்டுக்கு, மூன்று மாதத்துக்கு. அடுத்த வருடம் ஆறு மாதம். அப்புறம் மூத்த பையன் பத்தாம் வகுப்பை முடிக்காமல் கம்பி கட்டுகிற வேலைக்கு. எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வரவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்போமே, அதெல்லாம் இந்தக் கணக்குதான். கடைசியில் கிழவனும் கிழவியும் ஒரு ஆடும் மிச்சம். இது நடந்து முடிய நான்கைந்து வருடம் ஆகும். எந்த நாளிலும் செய்தி ஆகாது.

போக முடியாதவர்களும் உண்டு. பஸ் டிக்கெட்டுக்கும், அங்கே ஒரு மாத வாடகைக்கும், கூட்டிப் போகத் தெரிந்த ஒரு மேஸ்திரிக்கும் வழியில்லாதவர்கள் எத்தனை வறட்சி வந்தாலும் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். முன்பணம் கொடுப்பவன் வந்தால் அவன் காட்டிய இடத்துக்குப் போவார்கள், சூளையானாலும் காடானாலும். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுடப்பட்டு இறந்த 20 பேரில் நம் மாவட்டத்து மலையூர்க்காரர்களும் இருந்தார்கள். மானாவாரிச் சாமையை மட்டும் நம்பிப் பிழைக்கிற மலையிலிருந்து செம்மரம் வெட்டப் போன கூலியாட்கள். அவர்கள் உயிரோடு இருந்து, எந்தக் கணக்கெடுப்பாளராவது கேட்டிருந்தால், அவர்களுக்கும் ‘வேலை’ என்றுதான் போட்டிருப்போம்.

நம் மண்ணில் இது புதிதும் இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் தொடங்கி 1878 வரை நீண்டது. அப்போது நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். 1871இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. செத்தவர்கள் பாதை ஓரமாகச் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் மைசூர்ப் பக்கம், இலங்கைக் காபித் தோட்டம் என்று போனார்கள். நூற்றைம்பது வருடம் கழித்து எனக்கு இது எப்படித் தெரிகிறது? நம்மைப் போல யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய் எண்ணியதால். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. அவர்கள் எண்ணியிருக்காவிட்டால் பாட்டி சொன்னது பாட்டியோடு போயிருக்கும்.

உலக அளவிலும் இந்தக் காரணத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இனம், மதம், அரசியல் கருத்து போன்றவற்றுக்காக வரும் அடக்குமுறைக்குப் பயந்து எல்லை தாண்டுகிறவருக்குத்தான் இடம். கடல் ஏறியோ மண் காய்ந்தோ வருகிறவர் அந்தச் சொல்லுக்குள் வர மாட்டார். உலக வங்கி 2021இல் வெளியிட்ட அறிக்கை, இப்படியே போனால் 2050க்குள் 21 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர நேரலாம் என்றது. அதில் சுமார் 4 கோடிப் பேர் தெற்காசியர். முக்கியமான சொல் ‘நாட்டுக்குள்ளேயே’. கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறவர்களைத்தான் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஏரியூரிலிருந்து ஓசூர் வரை போகிற தூரம்தான் போகிறார்கள்.

ஓசூரில் பணி கிடைத்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஒரு கையால் ஆளை அனுப்பிவிட்டு இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறது. உங்கள் பகுதி லைன் வீடுகளில் ஒடிசா, அசாம், வங்காளம், பீகார் பையன்கள் ஒரு அறைக்கு ஆறு பேராக இருப்பார்கள். ஒடிசாவில் கேந்திரபாடா கடற்கரையில் சதபாயா என்ற ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. 2018இல் மிச்சமிருந்தவர்களை வேறு இடத்தில் குடியமர்த்தினார்கள். அசாமில் மாஜுலித் தீவின் பாதிக்கும் மேலான நிலத்தைப் பிரம்மபுத்திரா அரித்துப் போட்டுவிட்டது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் 2009 மே மாதம் வந்த ஐலா புயலில் கடல்நீர் ஏறி வயலெல்லாம் உப்பாகி, ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே வந்தார்கள். உங்கள் முன்னால் நிற்கிற பையனின் வீடு அப்படி எந்த ஆற்றின் அடியில் கிடக்கிறதோ. மொழி தெரியவில்லை என்று ‘வேலை’ என்று போட்டுவிட்டு நகராதீர்கள். அங்கே தமிழ் பழகிய ஒருவன் கட்டாயம் இருப்பான், கூப்பிட்டுக் கேளுங்கள். நம் ஊர்ப் பிள்ளையை பெங்களூர் மடிவாளாவில் ஒரு கன்னட வாத்தியார் அப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, என்ன கேட்பது? “வேலைக்கு வந்தேன்” என்று சொன்னதும், “ஊரில் என்ன வேலை பார்த்தீங்க, அது ஏன் நின்னு போச்சு?” என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகும். “கம்பெனியில் நல்ல சம்பளம், அதான்” என்றால் வேலை என்றே பதியுங்கள். “கிணறு வத்திப் போச்சு”, “ஏரி உடைஞ்சு கொல்லையெல்லாம் மணலாயிடுச்சு”, “மழை இல்லை சார், எதை விதைக்கிறது” என்றால், திரையில் இயற்கைச் சீற்றம் என்ற பதில் இருந்தால் அதைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ‘மற்றவை’ இருக்கிறது. பதிலை நாம் அவர் வாயில் திணிக்கக் கூடாது. அதே சமயம் அவர் சொன்னதை நாம் விழுங்கவும் கூடாது.

காரணம் ஒன்றாக இருக்காது என்பது எனக்கும் தெரியும். மகள் கல்யாணக் கடன் இருக்கும், பங்காளிச் சண்டை இருக்கும், பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட வேண்டும் என்ற ஆசை இருக்கும். ஊரைவிட்டுப் போவதே கெடுதல் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் கொட்டாயில் ஓடு போய் மாடி வந்த வீடெல்லாம் பெங்களூர்ப் பணத்தில் வந்தது. போக விரும்பிப் போனவர் வேறு, இருக்க விரும்பியும் இருக்க முடியாமல் போனவர் வேறு. இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால், இருக்க விரும்புகிறவருக்காக ஏரியைத் தூர் வார வேண்டும், வரத்துக் கால்வாயைத் திறக்க வேண்டும், கிராமத்திலேயே கூலி வேலை தர வேண்டும் என்று கேட்க நம்மிடம் ஒரு எண்கூட இருக்காது. வெப்ப அலையையும் பேரிடர் என்று நம் மாநிலம் 2024 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. வெயிலில் செத்தவர்களை எண்ணிக் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. ஊர்விட்டுப் போனவருக்கு அப்படி எந்த எண்ணிக்கையும் இல்லை.

கிராமத்தில் பணி கிடைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பு பிப்ரவரியில். ராகியும் கடலையும் வீட்டுக்கு வந்து, பொங்கல் முடிந்து, ஜனங்கள் மூட்டை கட்டுவதும் அப்போதுதான். கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வெளியூரில் இருப்பவரை அவர் இருக்கிற இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. விதி சரிதான். ஆனால் கரும்புக் கொல்லை ஓரத்துக் குடிசையிலும், பாதி எழும்பிய கட்டடத்தின் தகர ஷெட்டிலும் அவரைத் தேடி யார் போகிறார்கள்? அங்கே விட்டுப்போய், இங்கேயும் பூட்டிய வீடு என்று எழுதினால் அந்தக் குடும்பம் இந்தியாவில் எங்கேயுமே இல்லை. பூட்டைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள், கைப்பேசி எண் இருந்தால் கூப்பிட்டு, “உங்களை அங்கே யாராவது எண்ணினாங்களா?” என்று கேட்டு, இல்லை என்றால் அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் கட்டட வேலை நடக்கிற இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்து, கடைசி நாள் இரவு வீடில்லாதவர்களை எண்ணப் போகும்போது அங்கேயும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். கூடுதல் அலைச்சல்தான், மதிப்பூதியம் எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்கிற உங்களிடம் இன்னும் கேட்பது நியாயமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் கேட்பது? பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிற அரசு ஆள் நீங்கள் மட்டும்தான்.

எங்கள் கொட்டாயில் 2017இல் பூட்டிய நான்கு வீடுகளில் இரண்டு குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. ஒன்று திருப்பூரிலேயே தங்கிவிட்டது. நான்காவது வீட்டுக்காரர்கள் சூளை சூளையாக மாறிக்கொண்டிருக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள். கூரை ஒழுகுகிறதா, முருங்கை காய்த்திருக்கிறதா என்று கேட்பார்கள். சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. உங்களில் எங்கள் பகுதிக்கு யார் வந்தாலும் முதலில் என் வீட்டுக்கு வாருங்கள். ஐந்து பேரின் பெயர், வயது, கடைசியாகக் கூப்பிட்ட எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இருவருமாகச் சேர்ந்து அவர்களைக் கூப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்